பந்து பட்ட தரை

பந்து தரையைத் தொட இன்னும் ஒரு பிரேம்தான் பாக்கி.

சுலக்சனா லாப்டொப்பில் வீடியோவை விரல் நுனியால் மெல்ல மெல்ல நகர்த்தினாள். ஸ்லோ மோஷனில் எடுத்து அனுப்பியவள் கஜந்தி. கணக்குப் போடுவது சுலக்சனாவின் பாடு. பிசிக்ஸ் ரிப்போர்ட்டில் இரண்டு பேருடைய பெயரும் இருக்கும். ஏழாம் வகுப்பிலிருந்து அப்படித்தான்.

கணக்கில் ஒரு பொறி உண்டு. பந்து விழும்போது வேகம் நான்கு, எழும்போது மூன்று. அவசரக் குடுக்கைகள் கழித்து ஒன்று என்று எழுதிவிட்டு முழிப்பார்கள். திசை மாறிவிட்டதே, கூட்டவேண்டும், ஏழு. அதைப் பந்து தரையில் பட்டிருந்த நேரத்தால் வகுத்தால் சராசரி முடுக்கம்.

அந்த நேரம்தான் இன்னும் வேண்டும். அம்மா வேறு பெட்டி கட்டக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். இந்த மாத முடிவுக்குள் வீட்டைக் காலி பண்ணவேண்டும், போக இடமில்லை. கிரெய்கிபர்னில் வாடகைக்கு ஆசை ஆசையாகப் பார்த்த வீட்டை வேறு யாருக்கோ கொடுத்தாயிற்று என்று ஏஜென்ட் போன மாதமே கையை விரித்துவிட்டான்.

அடுத்த பிரேம். பந்து நசுங்கி நின்றது.

அதுவரை பந்தை மட்டும் பார்த்தவள் இப்போதுதான் தரையைப் பார்த்தாள். கறுப்பு வெள்ளைக் கட்டம். பின்னால் சமையலறை அலுமாரிக் கதவுகள் எல்லாம் வெள்ளை; ஒன்று மட்டும் பச்சை.

அடக் கடவுளே!

கஜந்தி வீட்டுக் குசினி அவளுக்குத் தெரியாததா? அங்கே மரத்தரை. இது அந்தக் கிரெய்கிபர்ன் வீடு. பச்சைக் கதவைத் திறந்து, அரிசி வாளியை இதற்குள் வைக்கலாம் என்று அம்மா சிரித்த அதே இடம்.

எங்கே எடுத்தாய் என்று கேட்டு அனுப்பினாள். உடனே பதில் வந்தது.

"வேறை எங்கையடி, எங்கட குசினிக்கைதான்."

அந்த ‘வேறு யாரோ’ இவர்கள்தான். வீடு கிடைக்கவில்லை என்று இவள் அழுதபோது முதுகைத் தடவிக் கொடுத்தவளும் அந்தக் கள்ளிதான். கூட்டவேண்டியதைத் தான் கழித்து எழுதிக்கொண்டிருப்பதைக்கூட சுலக்சனா கவனிக்கவில்லை.

ஹாலில் அப்பா இன்னொரு வீட்டுக்கு விண்ணப்பித்துக்கொண்டிருந்தார்.

"பிள்ளை, கஜந்தியின்ர அப்பாவின்ர நம்பரை ஒருக்காச் சொல்லு. அந்தக் கிரெய்கிபர்ன் வீட்டுக்கும் ஏஜென்ட் எங்களைப் பற்றி அவரிட்டைத்தானே விசாரிச்சவன். இதுக்கும் அவற்ர பேரையே குடுக்கிறன்."