மருந்து நெடி

ஷூ டப்பாவுக்குள் கிடந்த உடலைப் பார்த்து எல்லோரும் கைதட்டினார்கள். டப்பாவைப் பிடித்தபடி மாடிப்படியின் கடைசிப் படியில் நின்ற எலிக்காரருக்கு மட்டும் கண் கலங்கியிருந்தது.

"என்ன அண்ணே, கண்ணெல்லாம் செவந்து கெடக்கு?" என்றார் நாலாவது மாடி டீச்சர்.

"மருந்து நெடிம்மா" என்றார் எலிக்காரர்.

அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் எலி பிடிப்பதுதான் அவர் உத்தியோகம். அதற்காகவே மொட்டைமாடி அறையை அவருக்கும் அவர் மனைவிக்கும் ஒதுக்கிக் கொடுத்திருந்தார்கள். அந்த அறையிலேயே இரண்டு வருஷமாக ஓர் எலியைச் சீராட்டி வளர்த்தார் என்று தெரிந்தால் என்ன ஆகும்? தீயணைக்கிற ஆள் தீப்பெட்டியோடு விளையாடினால்கூட மன்னிப்பார்கள். இதை மன்னிக்க மாட்டார்கள். வேலையும் போகும், அறையும் போகும்.

பொறியில் அகப்பட்டபோது அவன் கட்டைவிரல் அளவுதான் இருந்தான். "இதைப் போயா கொல்லப் போறீங்க?" என்று மனைவி ஒரே ஒரு தடவை கேட்டாள். அத்தோடு சரி. உட்கார்ந்த இடத்துக்குச் சாப்பாடு வரவேண்டும் என்று எதிர்பார்த்ததால் மாப்பிள்ளை என்று பெயர் வைத்தார்கள்.

மாப்பிள்ளை சாயங்காலம் ஆறு மணிக்குக் குழாய் வழியாக இறங்கி உலாவப் போவான். எட்டு மணிக்கு டாணென்று திரும்புவான். ஆனால் ராத்திரிச் சாப்பாட்டை மோந்துகூடப் பார்க்கமாட்டான். "துரை வெளியில எங்கேயோ வயித்த ரொப்பிட்டு வர்றாரு" என்று மனைவி முகத்தை நொடிப்பாள்.

நேற்றும் எட்டு மணிக்கு வந்தான். எலிக்காரரின் பழைய சட்டைக்குள் சுருண்டு படுத்தான். காலையில் எழுந்திருக்கவில்லை. வயசாகிவிட்டது, வேறொன்றுமில்லை.

ஊர் முழிப்பதற்குள் தோட்டத்து மூலையில் புதைத்துவிடலாம் என்றுதான் இறங்கி வந்தார். கடைசிப் படியில் கால் இடற, மூடி கழன்று விழுந்தது. டீச்சர் போட்ட அலறலில் மொத்தக் கட்டடமும் கீழே வந்துவிட்டது.

"இதேதான்! என் கார் சீட்டைக் கொதறினது இந்தத் திருட்டுப் பயதான்!" என்று குதித்தார் டாக்ஸி டிரைவர். "ரெண்டு வருஷம் தண்ணி காட்டிச்சே! எப்படிண்ணே மடக்கினீங்க?"

"மடக்கல... தானா வந்துச்சு."

"அதுக்கு எதுக்கு பூப்போட்ட கைக்குட்டை?"

"கிருமி பரவும்ல?"

டீச்சர் செல்போனைத் தூக்கினார். "டப்பாவைக் கொஞ்சம் ஒசத்திப் பிடிங்க. சிரிங்கண்ணே, சாதிச்சிருக்கீங்க!"

எலிக்காரர் சிரித்தார். பல்வலிக்காரன் பல் டாக்டரைப் பார்த்துச் சிரிப்பதுபோல இருந்தது.

கூட்டம் சட்டென்று விலகியது. குடியிருப்பின் செக்ரட்டரி வந்துகொண்டிருந்தார். வீட்டில் தனி ஆள். சத்தமாகத் தும்மினாலும் மறுநாள் நோட்டீஸ் ஒட்டுகிறவர். 'நாய், பூனை, கிளி, மீன் உட்பட எந்தப் பிராணியும் வளர்க்கக் கூடாது' என்று வாசலில் தொங்கும் பலகை அவர் கைப்பட எழுதியதுதான்.

டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"எப்ப?"

"ராத்திரி, சார்."

"ரொம்ப நேரம் துடிச்சுதா?"

எலிக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

"பதிவேட்டுல எழுதணும்யா" என்றார் செக்ரட்டரி, எரிச்சலாக.

"இல்ல சார். தூக்கத்துலயே போயிருச்சு."

"பலே, நல்ல மருந்து!" என்றார் டிரைவர்.

செக்ரட்டரி கையை நீட்டினார். "கொண்டாங்க. நானே போட்டுடறேன்."

"பரவாயில்ல சார், நானே..."

"கொண்டாங்கன்னா!"

டப்பா கைமாறியது. செக்ரட்டரி குப்பைத்தொட்டி இருக்கும் பின்பக்கம் நோக்கி விடுவிடுவென்று நடந்தார். வேடிக்கை முடிந்ததென்று கூட்டமும் கலைந்தது.

எலிக்காரர் அப்படியே நின்றார். மாடியில் மனைவி காத்திருப்பாள். 'எந்த இடத்துல வச்சீங்க?' என்று கேட்பாள். வெங்காயத் தோலுக்கும் முட்டை ஓட்டுக்கும் நடுவில் என்று எந்த வாயால் சொல்வது? போகிறது வேலை, போகிறது அறை என்று ஓட ஆரம்பித்தார்.

குப்பைத்தொட்டிப் பக்கம் யாரும் இல்லை. மோட்டார் ரூமுக்குப் பின்னால் செக்ரட்டரியின் முதுகு மட்டும் தெரிந்தது. குந்தி உட்கார்ந்திருந்தார்.

"சார்! அவனக் குப்பையில போட்டுடாதீங்க!" எலிக்காரருக்கு மூச்சு வாங்கியது. "அவன் எங்க வீட்டுப் புள்ள சார். ரெண்டு வருஷமா நாங்கதான் வளத்தோம். மருந்துமில்ல, மண்ணுமில்ல, பொய் சொன்னேன். இன்னைக்கே காலி பண்ணிடறோம். அவன மட்டும் குடுத்துடுங்க."

செக்ரட்டரி மெல்லத் திரும்பினார். அவர் கையில் மண் ஒட்டிய சாப்பாட்டுக் கரண்டி. காலடியில் சின்னதாக ஒரு குழி. டப்பாவுக்குள், பூப்போட்ட கைக்குட்டைக்குப் பக்கத்தில், பாதி பிஸ்கட் ஒன்று வைக்கப்பட்டிருந்தது.

அவர் கண்ணிலும் அதே மருந்து நெடி.

"அப்ப... எட்டு மணிக்கு மேல உங்க வீட்டுக்குத்தான் வருவானா?"