மெஹருன்னிசாவின் பெஞ்சு

ஏரிப் பூங்காவுக்கு அரசு தரும் பணம், வருகிறவர்களின் மனநிலையை அளக்கும் கைப்பட்டைகள் காட்டும் மகிழ்ச்சிப் புள்ளியைப் பொறுத்தது. இந்த ஆண்டுக் கணக்கெடுப்பில் புள்ளி குறைந்தால் பூங்காவையே மூடிவிடுவார்கள் என்பது வாயில் காவலர் தணிகாசலத்துக்குத் தெரியும்.

மெஹருன்னிசா தினமும் மாலையில் வருவாள். இறந்துபோன மகளோடு உட்கார்ந்திருந்த பெஞ்சில் கொஞ்ச நேரம் அழுதுவிட்டுப் போவாள். அவள் வந்த நாளெல்லாம் புள்ளி இறங்கியது.

ஒரு வாரம் தயங்கிவிட்டு, தணிகாசலம் அவளை வாயிலிலேயே நிறுத்தினார்.

"கணக்கெடுப்பு முடியற வரைக்கும் வராதீங்கம்மா. ஒரே மாசந்தான்."

"நான் யாரையும் தொந்தரவு பண்ணலையே, அண்ணே."

"உங்க மேல தப்பில்லம்மா. பட்டையில அழுகை தெரியுது."

"இங்க வந்து அழுதுட்டுப் போனாத்தான் ராத்திரி தூக்கம் வருது," என்றாள். பிறகு திரும்பி நடந்தாள்.

பூங்கா தப்பியது. மாதம் முடிந்தும் அவள் வராததால், தணிகாசலம் விசாரித்துக்கொண்டு அவள் வீட்டுக்கே போனார்.

"இனிமே வரலாம்மா. பெஞ்சு காலியாத்தான் இருக்கு."

"வேணாம்ணே. இப்பல்லாம் அழுகையே வர்றதில்ல," என்றாள் மெஹருன்னிசா. அவள் முகத்தில் எதுவுமே இல்லை.

பூங்காவைக் காப்பாற்றியதற்காக மேலதிகாரி பாராட்டியதைத் தணிகாசலம் தன் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.