வலது பக்கம்

சுகிர்தாவின் கைக்குழந்தைக்குப் பிறவியிலேயே கழுத்துத் திருகல். முகம் எப்போதும் இடது பக்கமே திரும்பியிருக்கும்.

"அவளுக்கு ரொம்பப் பிடிச்சதை வலது பக்கம் வைங்க. தானா திரும்புவா" என்றார் டாக்டர்.

சுகிர்தா ஆபீசுக்கு லீவு போட்டு, வலது பக்கமே உட்கார்ந்து கூப்பிட்டாள், பாடினாள், கெஞ்சினாள். குழந்தை சுவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

பகலெல்லாம் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் எஸ்தர் அன்று மாலைதான் ஊரிலிருந்து வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "என்னடி பட்டு, என்னைத் தேடினியா?" என்று குரல் கொடுத்தாள்.

குழந்தை முகம் சிவக்க முக்கி, கழுத்தை வலது பக்கம் முழுவதுமாகத் திருப்பிச் சிரித்தது.

"அக்கா, திரும்பிட்டா பாருங்க!" என்று எஸ்தர் துள்ளினாள்.

"ஆமா" என்றாள் சுகிர்தா. இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தவள், மறைக்காமல் சற்று நகர்ந்துகொண்டாள்.