நாலாம் வேற்றுமை

“திங்கக்கிழமை பள்ளிக்கூடத்தில எல்லாரையும் சுடப்போறன் அம்மா. ஒருத்தரையும் விடமாட்டன்!”

கறிவேப்பிலை நிறுத்துக்கொண்டிருந்த வின்சன்ற்றின் கை தராசுக்கு மேலேயே நின்றுவிட்டது.

ஜெர்மனியில், கெல்சென்கிர்ச்சன் நகரத்தில் அவருடைய மளிகைக் கடைக்குள் நின்று, போனில் சிரித்துச் சிரித்து இப்படிச் சொன்னவன் அனுஜன். பதினாறு வயது. அவருடைய மகன் கிறிஸ்ரியனின் வகுப்பு.

“ஓம் ஓம், வாஃபன் எல்லாம் ரெடி. எங்கட குசினியிலதான் கிடக்கு.”

வாஃபன் என்றால் ஆயுதம். அந்தளவு ஜெர்மன் வின்சன்ற்றுக்குத் தெரியும்.

போன கிழமைதான் அந்தப் பள்ளிக்கூடத்து மலசலகூடச் சுவரில் யாரோ ஒரு பெடியன் ‘எல்லாரையும் சுடுவேன்’ என்று எழுதிவைத்து, பொலிஸ் நாயோடு வந்து, பெற்றோரெல்லாம் கலங்கிப்போனார்கள். எழுதியவனைப் பிடித்து, ஒரு கிழமை வீட்டில் இரு என்று அனுப்பியாயிற்று. பெயரை மட்டும் சொல்லவில்லை. சட்டம் விடாதாம்.

வின்சன்ற் விடுவாரா? பெற்றோர் கூட்டத்தில் எழும்பி, மீன் விலை கேட்பதுபோல் அதிபரோடு பேரம் பேசினார்.

“சரி, முழுப்பேர் வேண்டாம். அரைப்பேர்? அதுவும் ஏலாதோ? முதலெழுத்தையாவது தாங்கோவன்!”

தரவில்லை.

இப்போது அடுத்தவன்! அதுவும் மாம்பழச்சாற்றுப் போத்தலோடு கல்லாவுக்கு முன்னாலேயே வந்து நிற்கிறான்.

“காசு வேண்டாம் ராசா. இந்தா, முறுக்கும் கொண்டுபோ.” ஒரு சதமும் குறைக்காத மனுசன் வாழ்க்கையிலே முதன்முதலாய்ச் சும்மா கொடுத்தது அன்றைக்குத்தான். “கிறிஸ்ரியன் நல்ல பெடியன், என்ன? உனக்கு அவனோட கோவம் ஒண்டும் இல்லைத்தானே?”

“எனக்கென்ன கோவம் மாமா? முதல் அவனைத்தான் சுடுவன்!”

பல்லெல்லாம் தெரியச் சிரித்துவிட்டு அனுஜன் போய்விட்டான்.

வின்சன்ற் அடித்துப் பிடித்துப் பக்கத்து வீட்டுச் சிவகுருநாதனிடம் ஓடினார். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் அனுஜனுக்குத் தமிழ் படிப்பிப்பவர் அவர்தான்.

“நான் படிப்பிச்ச பெடியனோ!” சிவகுருநாதனுக்கு வேர்த்துவிட்டது. “பொலிசுக்குப் போன் அடியும் வின்சன்ற்.”

“அடிச்சால் ரெர்மின் எண்டு நாள் குறிச்சுத் தருவாங்கள் அண்ணை! செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு வாங்கோ எண்டுவாங்கள். இவன் திங்கள் சுடப்போறான்!”

கடைக்குத் திரும்பி, உறைபெட்டிக்குள் கிடந்த விறைத்த அறக்குளா மீன் ஒன்றை வாலில் பிடித்து இழுத்தார் வின்சன்ற். கோபத்தில் கைக்கு வேறு ஒன்றும் அகப்படவில்லை. மீன் முன்னே, இலக்கணம் பின்னே. இரண்டு பேரும் அனுஜனின் வீட்டுக்குள் பாய்ந்தார்கள்.

குசினி முழுக்கப் புகை. மூக்கிலே மாவோடு அனுஜன். அடுப்புப் பக்கத்தில் அகப்பையும் கையுமாக, வின்சன்ற்றின் மனைவி எவ்லின்.

“நீ பூசைக்கெல்லோ போறன் எண்டனீ?”

“நீங்கள் ஏன் மீனோட வந்து நிக்கிறியள்?”

“எங்கயடா வாஃபன்?” மீனை ஓங்கினார் வின்சன்ற்.

“வாஃபன் இல்லை மாமா, வாஃபெல்ன்!” அனுஜன் தட்டைக் காட்டினான். கட்டம் கட்டமாய்ச் சுட்டு அடுக்கிய இனிப்பு ரொட்டி, ஏலக்காய் வாசத்தோடு.

“எல்லாரையும் சுடப்போறன் எண்டாயே!”

“ஓம், எல்லாரையும் சுடுறன். அம்மா தோசை சுடுறமாதிரி.”

சிவகுருநாதன் தலையில் அடித்துக்கொண்டார். “எல்லாருக்கும் எண்டு சொல்லடா! எல்லாருக்கும்! நாலாம் வேற்றுமை போடவேண்டிய இடத்தில ரெண்டாம் வேற்றுமையைப் போட்டு ஊரையே கொல்லப் பார்த்தியே!”

வின்சன்ற்றுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தார், சிரித்தார், கண்ணில் தண்ணீர் வருமட்டும் சிரித்தார். மீனைக் கழுவுதொட்டிக்குள் போட்டுவிட்டு ஒரு வாஃபெலை எடுத்துக் கடித்தார்.

“சரி, என்ன விசேசம்?”

“சுவரில எழுதினவன் திங்கள் திரும்பி வாறான் மாமா. அவனுக்குப் பக்கத்தில ஒருத்தரும் இருக்கமாட்டினம். வாஃபெல் இருந்தால் எல்லாரும் வருவினம்.”

கடித்த வாஃபெலைத் தட்டிலேயே திருப்பி வைத்தார் வின்சன்ற்.

“அந்தக் காவாலிக்கோ? துவக்கு வைச்சிருக்கிறவனுக்கோ?”

“அவனிட்டத் துவக்கு இல்லை. பொலிஸ் வீட்டை வந்து பாத்ததாம். கோவம் மட்டும்தான் இருக்கு. வீட்டில ஒண்டும் கதைக்க ஏலாதாம். வாயைத் திறந்தால் அப்பா கத்துவாராம்.”

“ஒரு கிழமையாப் பெடியன் வீட்டில நிக்கிறது அந்த அப்பனுக்குத் தெரியாதோ?”

“விடிய வெளிக்கிட்டால் இரவுதான் வருவாராம்.”

“பெத்த தாய் என்ன செய்யிறாள்?”

“தாய்க்குத் தெரியும்,” என்றாள் எவ்லின், மாவைக் கலக்கியபடி. “சொன்னால் மனுசன் கூரை பறக்கக் கத்தும். அதுதான் சொல்லேல்லை.”

“கத்துறதுக்குப் பயந்து பிள்ளையின்ர கதையை மறைக்கிறதோ? நானெண்டால் கத்துவனோ?” என்று வின்சன்ற் போட்ட சத்தத்தில், மேல்மாடி ஜெர்மன்காரி தரையில் தடியால் இடித்தாள். “அந்த அப்பனை ஒருக்கால் எனக்கு முன்னால கொண்டுவந்து நிப்பாட்டுங்கோ! ரெண்டு கேள்வி கேக்கிறன்!”

அனுஜன் எவ்லினைப் பார்த்தான். எவ்லின் அகப்பையால் வாசல் பக்கம் காட்டினாள்.

“அங்க கண்ணாடி கொழுவியிருக்கு. போய் நிண்டு கேளுங்கோ.”