அழிப்பதற்கு முந்தைய நகல்

மங்கையர்க்கரசியின் ஐந்து வருட ஆய்வேடு கணினியிலிருந்து காணாமல் போனதற்கு வைரஸ்தான் காரணம் என்றான் கணவன் திருமாறன். அவள் அழுது முடிக்கும்வரை முதுகைத் தடவிக்கொடுத்தான். “விடும்மா. படிச்சது போதும்னு கடவுளே சொல்றாரு” என்றவன், கல்யாணமானதிலிருந்து முதல்முறையாகக் காபி போடச் சமையலறைக்குப் போனான்.

அவள் தோழி நஸ்ரீனைப் போனில் அழைத்தாள்.

“ஃபோல்டர் மேல ரைட் கிளிக் பண்ணுடி. பழைய நகல் ஏதாவது காட்டுதா?”

“ஒண்ணு இருக்கு. நேத்து சாயங்காலம்.”

“தப்பிச்சே! புதுசா ஏதாவது இன்ஸ்டால் பண்ணினா, அதுக்கு முன்னாடி கம்ப்யூட்டர் தானாவே எல்லாத்தையும் ஒரு நகல் எடுத்து வச்சுக்கும். நீ என்ன இன்ஸ்டால் பண்ணினே?”

நேற்று மாலை அவள் கல்லூரியில் இருந்தாள். வீட்டில் இருந்தது அவன் மட்டும்தான். நகலுக்கு எதிரே, நேற்று நிறுவிய மென்பொருளின் பெயர் இருந்தது. கோப்புகளை யாராலும் மீட்க முடியாதபடி அழித்துத் தருவதற்கென்றே விற்கிற மென்பொருள்.

அவள் போனை வைத்துவிட்டு அந்தப் பழைய நகலைத் திறந்தாள். அத்தியாயங்கள் எல்லாம் பென்டிரைவில் ஏறி முடிந்ததும் அதைப் பிடுங்கி உள்ளங்கையில் மூடிக்கொண்டாள்.

“ஏதாவது கிடைச்சுதா?” காபியோடு வந்து நின்றான்.

“இல்லீங்க. எல்லாம் போயிடுச்சு.”

அவன் முகம் இவ்வளவு கனிந்து அவள் பார்த்ததே இல்லை. “சர்க்கரை தூக்கலா போட்டிருக்கேன், குடி” என்று நீட்டினான்.

வலது கையைத் திறக்காமல், டம்ளரை இடது கையால் வாங்கினாள்.