ஜோடி எடை

"அண்ணே, இந்தத் தொப்பையை வெச்சுக்கிட்டு என் பொழப்புல மண்ணைப் போட்டுடாதீங்க!"

பயில்வான் சிரிக்காமல்தான் சொன்னான். குண்டண்ணன் இடுப்புப் பட்டையை இறுக்கிக்கொண்டார்.

இருவரும் உயரமான கட்டடங்களுக்குக் கண்ணாடி துடைப்பவர்கள். மொட்டைமாடியிலிருந்து தொங்கும் இரும்புத் தொட்டிலில் பல வருஷமாக ஒரே ஜோடி. அவ்வப்போது இருவரையும் ஒன்றாகத் தராசில் ஏற்றி நிறுப்பார்கள். தொட்டில் சுமப்பது இரண்டு பேரையும் சேர்த்துத்தானே!

போன முறை முள் சிவப்புக் கோட்டைத் தாண்டிவிட்டது.

"அடுத்த முறையும் தாண்டினா ஜோடியைப் பிரிச்சிடுவேன். ஒருத்தர் கீழே தரை துடைக்கப் போகணும்" என்றார் மேற்பார்வையாளர்.

தரை துடைத்தால் பாதிச் சம்பளம். அன்றிலிருந்து பயில்வானுக்கு வயிறு எரிந்தது. நாற்பதைத் தாண்டியும் விடிகாலையில் எழுந்து ஜிம்முக்குப் போகிறவன் அவன். இரும்பு தூக்கித் தூக்கி ஒரே வருஷத்தில் சட்டையெல்லாம் தோளில் இறுக்கிவிட்டது. யாரோ தின்று கொழுத்ததற்கு அவனா பலி?

"என்கூட ஜிம்முக்கு வாங்க" என்று கூப்பிட்டுப் பார்த்தான்.

"முட்டி ரெண்டும் தேஞ்சு கிடக்குப்பா. டாக்டர் வாரம் ஒரு ஊசி எழுதியிருக்கார். இளைச்சுடும்னார்."

"ஊசியா!" பயில்வான் தலையில் அடித்துக்கொண்டான். "ஆம்பளைன்னா வேர்வை சிந்தி இளைக்கணும். இது பரீட்சையில பிட் அடிக்கிற மாதிரி."

"எப்படியோ, முள் இறங்கினா சரி."

ஊசி போட்டால் இரண்டு நாள் குமட்டும். தொட்டில் ஏறும் முன் சுவரில் சாய்ந்து கண்ணை மூடி நிற்பார். தெளிந்ததும் வாளியைத் தூக்கிக்கொள்வார்.

"லீவு போட்டுட்டுப் படுங்களேன்."

"படுத்தா நடக்க மாட்டேன். நடக்கச் சொல்லியிருக்காங்க."

மத்தியானம் டப்பாவைத் திறந்து நாலு வாய் சாப்பிட்டு மூடிவிடுவார். சாயங்காலம் தேய்ந்த முட்டியோடு, கட்டடத்தைச் சுற்றி மெல்ல நடப்பார். பயில்வான் பைக்கில் தாண்டிப் போகும்போது, "பிட்டு அண்ணே, வேகமா!" என்று கத்துவான். அவரும் கையை ஆட்டுவார்.

நிறுக்கும் நாள் வந்தது. இருவரும் தராசில் ஏறினார்கள். முள் கோட்டுக்குள்ளேயே நின்றது.

"தப்பிச்சேன்!" என்று குதித்தான் பயில்வான். "ஆனா பாராட்டெல்லாம் ஊசிக்குத்தான், உங்களுக்கு இல்ல."

குண்டண்ணன் சிரித்துவிட்டு வாளி எடுக்கப் போனார்.

மேற்பார்வையாளருக்குப் பொறுக்கவில்லை.

"போன முறை நீ கிளம்பினதும் அவர் திரும்பி வந்து தராசுல தனியா ஏறினார். தெரியுமா? அவர் எடை பழையபடியேதான் இருந்தது. ஒரு கிலோகூட ஏறலை."

"அப்படின்னா..."

"ஏறினது நீ."

"சார், இது கொழுப்பில்ல! கட்டான சதை!"

"தொட்டிலுக்கு அதெல்லாம் தெரியுமா? உன்னைத் தரைக்கு அனுப்பறேன்னுதான் சொன்னேன். அவர்தான் கையைப் பிடிச்சுக்கிட்டார். 'வேண்டாம் சார், தம்பி ஆசை ஆசையா உடம்பை ஏத்தியிருக்கான். அவன்கிட்ட ஒண்ணும் சொல்லாதீங்க, அவன் ஏத்தினதை நான் இறக்கிடறேன்'னார்."