ஆளுக்கு மூன்று நிமிடம்

இந்தக் காலத்து ஆட்களுக்கு எல்லாவற்றையும் முடிவு செய்த பிறகுதான் நம்மிடம் யோசனை கேட்கத் தோன்றுகிறது. சோற்றை வடித்து இறக்கிவிட்டு, உலை வைக்கட்டுமா என்று கேட்கிற கூட்டம்.

அப்படித்தான் முணுமுணுத்துக்கொண்டு நகராட்சிக் கூடத்தின் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார் மோட்டார்க்காரர். சுவரில் ஊரின் புதுத் திட்ட வரைபடம் தொங்கியது. அதில் அவருடைய சந்து இரண்டு மடங்கு அகலமாகியிருந்தது. சந்து முனையில், நாற்பது வருஷமாக அவர் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றுகிற கடை இருந்த இடத்தில், வெறும் சாம்பல் நிறம். மற்ற வீடுகள் வரைபடத்தில் அப்படியே இருந்தன.

"உங்க கருத்தைக் கேக்கத்தான் கூப்பிட்டிருக்கோம். ஆளுக்கு மூணு நிமிஷம்" என்றாள் திட்ட அலுவலகத்துப் பெண். சிரித்துக்கொண்டே சொன்னாள். சிரிக்கிற அதிகாரியை மோட்டார்க்காரர் ஒருநாளும் நம்பியதில்லை.

முதலில் மைக்கைப் பிடித்தவன் அவர் மச்சினன். அதே சந்தில் கடைசி வீட்டுக்காரன். பஸ் கண்டக்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டான். குரல்தான் இன்னும் ஓய்வு பெறவில்லை.

"எங்க சந்துக்காக எங்க மாமா பேசுவாரு! என்னோட மூணு நிமிஷத்தையும் அவருக்கே கொடுக்கிறேன்!"

"என்னுதும் அண்ணனுக்கு" என்று எழுந்தார் மாவு மில்காரர். அப்புறம் டீச்சரம்மா, அப்புறம் மாடி வீட்டுக்காரர். சந்தே வரிசையாக எழுந்து தன் நேரத்தை அவர் மடியில் கொட்டியது.

மோட்டார்க்காரர் மச்சினனைத் திரும்பிப் பார்த்தார். மச்சினன் வாங்கிய புதுக் கார் சந்துக்குள் நுழையாமல் பெரிய ரோட்டில் வெயில் காய்கிறது. "நடக்க உடம்பு வணங்காதவனுக்கு எதுக்குடா காரு?" என்று போன வாரம்தான் அவனை நாலு பேர் முன்னால் திட்டியிருந்தார். அவனே இன்று தனக்காக நிற்கிறான். உறவு உறவுதான் என்று நினைத்துக்கொண்டு மைக்கை வாங்கினார்.

"யாரைக் கேட்டு என் கடை மேல கோடு போட்டீங்க? நஷ்டஈடு தருவீங்களாம், ஈடு! அதை வாங்கிக்கிட்டு நான் என்ன, வீட்டுச் சுவத்துக்கா காயில் சுத்துறது? எனக்கு வேற வேலை தெரியாது. அந்தக் கடை போச்சுன்னா நானும் போன மாதிரிதான்."

கைதட்டல் கூரையைத் தொட்டது. அந்தப் பெண் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"ஐயா, ஒரே ஒரு விஷயம். நீங்க அஞ்சு மணிக்குள்ள மாடிக்குப் போயி..."

"பாத்தீங்களா, பாத்தீங்களா!" மச்சினன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். "பேசுறவரைப் பாதியிலேயே வெளிய அனுப்பப் பாக்குறாங்க! மாமாவைப் பேச விடுங்க!"

"பேச விடுங்க! பேச விடுங்க!" கூடம் அதிர்ந்தது.

"தனியா மாடிக்குக் கூட்டிட்டுப் போயி மடக்குற வேலையெல்லாம் என்கிட்ட வேணாம்மா" என்றார் மோட்டார்க்காரர். "உன்னை மாதிரி எத்தனை அதிகாரியை நான் பாத்திருப்பேன் தெரியுமா?"

அவள் இன்னொரு தடவை வாயைத் திறந்தாள். கைதட்டலில் ஒன்றும் கேட்கவில்லை.

அவர் பேசினார். மில்லில் மோட்டார் புகைந்த அன்று சோறு தண்ணியில்லாமல் உட்கார்ந்து சுற்றிக் கொடுத்ததைச் சொன்னார். சந்தில் ஓடுகிற மின்விசிறி ஒவ்வொன்றும் தன் கை பட்டது என்றார். குரல் கொஞ்சம் தளர்ந்தால் போதும், பின்னாலிருந்து யாராவது தூக்கிவிட்டார்கள்.

"அந்தச் சாக்கடை விஷயத்தையும் சொல்லுங்கண்ணே!"

"தெரு விளக்கை விட்டுட்டீங்களே!"

சாக்கடையைச் சொன்னார். விளக்கைச் சொன்னார். ஜன்னல் வெயில் தரையிலிருந்து ஏறி எதிர்ச் சுவருக்குப் போயிருந்தது. அவர் மைக்கை மேஜையில் வைத்தபோது சந்து முழுக்க எழுந்து நின்று தட்டியது.

அந்தப் பெண் மட்டும் தட்டவில்லை. பக்கத்தில் வந்து, "இங்க பேசினது வெறும் கருத்துதான் ஐயா" என்றாள். "இடத்துக்காரர் நீங்க ஒருத்தர் மாடி ஆபீஸ்ல ஆட்சேபம்னு கையெழுத்துப் போட்டிருந்தா போதும், உங்க சந்துத் திட்டமே நின்னிருக்கும். அஞ்சு மணிக்கு அதை மூடிட்டாங்க. இன்னையோட கெடு முடிஞ்சுது. நோட்டீஸ்ல போட்டிருந்தோமே?"

நோட்டீஸை அவர் எங்கே படித்தார்? எழுத்துக்கூட்டிப் படிப்பதற்குள் பொழுது விடிந்துவிடும். மச்சினன்தான் படித்துச் சொன்னான்.

"என்னடா சொல்லுது இந்தப் பொண்ணு?"

"சும்மா மிரட்டுறாங்க மாமா. இத்தனை பேரு பேச்சை ஒரு கையெழுத்து அமுக்கிருமா? நீங்க போயி கடையைப் பாருங்க."

"அதானே!" மோட்டார்க்காரர் அவளைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "கையெழுத்து கேக்கத் தெரியுது, காதால கேக்கத் தெரியலையாக்கும்? உங்க ஆளுங்க புத்தி எனக்குத் தெரியும்மா. போ, போ."

அவள் சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூட அவர் நம்பவில்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தார். படி இறங்கும்வரை கைதட்டல் கூடவே வந்தது.

மைக்கை யாரும் அணைக்கவில்லை போலிருக்கிறது. வாசலில் கட்டியிருந்த ஒலிபெருக்கியில் மச்சினன் குரல் தணிந்து கேட்டது.

"அஞ்சு தாண்டிருச்சு. போதும்பா, கை தட்டுறதை நிறுத்துங்க."